அப்பாவுக்கு வேண்டாமாம்

அத்தியாயம் 14

"உள்ளுக்குப் போறது எத்தினை பேர்?"

காட்டின் வாசலில் மேசை போட்டு இருந்த தில்லைநாதன் கொப்பியைத் திறந்தபடி கேட்டார். வன இலாகாக்காரர். காக்கிச் சட்டையின் கழுத்துப் பொத்தானைக்கூடப் பூட்டியிருந்தார்.

"பெரியாக்கள் அஞ்சு, சின்னன் ஒண்டு," என்றாள் மேனுகா.

"ஐயாவும் ஏறுறாரோ?"

மயில்வாகனம் வானின் கதவைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக நிலத்தில் ஊன்றிக்கொண்டிருந்தார். கறுத்துச் சுருங்கிய முகம். கணுக்கால்கள் மட்டும் ஊதிப்போய்ச் செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது.

"ஏறத்தான் தம்பி வந்தனான். நாப்பது வருசமா வயலில நிண்டு பாத்த மலை. ஒருநாளும் ஏறேல்லை."

தில்லைநாதன் மேனுகாவைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். வேறென்ன செய்வது?

வாசலில் புதுப் பலகை ஒன்று நட்டிருந்தது. நீராவிமலை. குடும்பத்தோடு நடக்கலாம். கண்ணிவெடி அகற்றி, பாதை வெட்டி, இந்த வருசம்தான் சனத்துக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். நெடுங்கேணியிலிருந்து கிரவல் றோட்டால் முக்கால் மணித்தியாலம். ஞாயிற்றுக்கிழமைகளில் வவுனியாவிலிருந்தெல்லாம் ஆட்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து மயில்வாகனத்துக்கு இதே கதைதான்.

அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுப் பதினாலு மாதம் ஆகிறது. செவ்வாயும் வெள்ளியும் மேனுகா தபால் கந்தோரில் லீவு சொல்லி அவரை வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவாள். நாலு மணித்தியாலம் இரத்தம் மெஷினுக்குள் போய்த் திரும்பி வரும். அவள் பக்கத்துக் கதிரையில் இருப்பாள். அவளுடைய இரத்தம் 'பி'. அம்மா பத்மாசனிக்கும் 'பி', போதாக்குறைக்குச் சீனி வருத்தம். அப்பாவின் 'ஓ' இரத்தம் தம்பி சுகிர்தன் ஒருவனுக்குத்தான் வாய்த்திருந்தது; தன் சிறுநீரகம் ஒன்றைத் தருவதாக அவனும் ஒத்துக்கொண்டிருந்தான்.

கடைசிப் பரிசோதனைக்கென்று அவன் போன கிழமை கண்டிக்குப் போனதும், இரவு திரும்பி வந்து, "ஒப்பரேசன் திகதியை ஒரு மாசம் தள்ளிப்போட்டிட்டினம்" என்று ஒரே வரியில் சொன்னதும், அம்மா சாமியறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதும் தெரிந்த கதைதான். அப்பா மட்டும் சிரித்தார். "தள்ளித்தானே போட்டிருக்கினம். அதுக்கிடையில ஒருக்கா மலை ஏறுவம்" என்றார்.

அதனால்தான் இந்த ஞாயிறு. கிளிநொச்சியிலிருந்து சுகிர்தன் சிநேகிதனின் வானை இரவல் வாங்கி, மனைவி நிறஞ்சனாவையும் மகள் கம்சாவையும் ஏற்றிக்கொண்டு விடியவே வந்துவிட்டான். வந்ததிலிருந்து அவன் யாருடைய முகத்தையும் பார்த்துக் கதைக்கவில்லை.

"பாதி வழியில கல்லுத் தூணுகள் வரும்," தில்லைநாதன் சொன்னார். "அதிலயிருந்து இடப்பக்கம் போறது குடும்பப் பாதை. சுத்திச் சுத்தி ஏறும், குழந்தையளும் நடக்கலாம். நேர போறது பழைய கல்லுப்படி. நூற்றிப்பதினாறு படி. செங்குத்து. அதால ஐயாவைக் கொண்டுபோயிடாதேங்கோ. மூண்டு மணிக்கு முந்தி இறங்கிப்போடவேணும். பின்னேரம் யானை தண்ணிக்கு வரும்."

"யானை வருமோ?" கம்சாவின் கண்கள் விரிந்தன.

"நீங்கள் குழப்படி செய்யாட்டில் வராது."

நாலு வயதுக்காரி உடனே அப்பப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாதையின் இரண்டு பக்கமும் பாலையும் வீரையும் முதிரையும் நெருங்கி நின்றன. வெயில் மேலேயே தங்கிவிட்டது. கீழே காய்ந்த இலையும் குரங்கு கடித்துப்போட்ட பழமும் கிடந்தன. முன்னால் பத்மாசனி சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அறுபது வயதிலும் அவளுக்கு வேக நடைதான். ஒரு கையில் சின்னத் தண்ணிப் போத்தல். அது மயில்வாகனத்துடையது. ஒரு நாளுக்கு அரை லீற்றர், தேத்தண்ணியும் சேர்த்து. அந்தப் போத்தலை அவள் யாரிடமும் கொடுப்பதில்லை.

"அப்பப்பா, உங்கட கைக்குள்ள பூனை இருக்கு," என்றாள் கம்சா.

ஊசி குத்துவதற்காக இரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்த இடம், அவருடைய இடது முழங்கைக்குக் கீழே புடைத்திருந்தது. தொட்டால் உள்ளே உறுமும்.

"ஓம், பூனைதான். பசிச்சால் உறுமும்."

"என்ன சாப்பிடும்?"

"செவ்வாயும் வெள்ளியும் மெஷின் சாப்பாடு குடுக்கும்."

நிறஞ்சனா சிரித்துக்கொண்டே மகளைத் தூக்கினாள். அவள் முல்லைத்தீவுக் கரையில் கடற்தொழில் செய்யும் குடும்பத்துப் பெண். கழுத்தில் சின்னச் சிலுவை. கல்யாணத்தின்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற மாமிக்கு, இன்று எந்தச் சாமானைப் பையில் எங்கே வைத்தேன் என்று கேட்பதற்கு அவள்தான் வேண்டும்.

ஒரு பாலை மரத்தின் கீழே மஞ்சள் மஞ்சளாய்ப் பழம் கொட்டிக் கிடந்தது. மயில்வாகனம் குனிந்து இரண்டைப் பொறுக்கினார். வாய்க்குக் கொண்டுபோகுமுன் பத்மாசனி திரும்பிவிட்டாள். அவளுக்கு முதுகிலும் கண்.

"இஞ்சேருங்கோ, போடுங்கோ கீழ!"

"ஒண்டே ஒண்டு, பத்மா."

"பொட்டாசியம்."

எட்டாம் வகுப்போடு நின்றவள் அந்தச் சொல்லை அம்மன் பேரைச் சொல்வது மாதிரிப் பயபக்தியோடு சொன்னாள். "இன்னும் மூண்டு கிழமைதான். ஒப்பரேசன் முடியட்டும். பிறகு ஒரு கடகம் நிறையப் பொறுக்கித் தாறன், இருந்து தின்னுங்கோ. வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கலும் நேர்ந்துபோட்டன்."

மயில்வாகனம் பழத்தைப் பேத்தியிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு மகனைப் பார்த்தார். சுகிர்தன் சப்பாத்து லேஸைக் கட்டுவதற்குக் குனிந்திருந்தான். அது அவிழ்ந்திருக்கவில்லை என்பதை மேனுகா கண்டாள்.

தூண்கள் வந்தன. இருபது இருபத்திரண்டு இருக்கும். பாதி நின்றன, பாதி விழுந்து கிடந்தன. எழுத்து வெட்டிய ஒரு கல்லைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருந்தார்கள். கோயில் என்று ஒருவர் சொல்வார், வன்னியர் நெல்லுக் களஞ்சியம் என்று இன்னொருவர் சொல்வார், வேறு ஏதோ என்று மூன்றாம் ஆள் சொல்வார். பத்மாசனிக்கு அந்தச் சிக்கலெல்லாம் இல்லை. நேராக நின்ற தூண் ஒன்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள்.

"நாங்கள் மெல்ல நடக்கிறம். நீங்கள் அப்பாவை இருத்திக் களை ஆறவிட்டுக் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்று சொல்லிவிட்டு மருமகளோடும் பேத்தியோடும் குடும்பப் பாதையில் திரும்பினாள்.

மயில்வாகனம் விழுந்து கிடந்த தூணில் குந்தினார். சுகிர்தன் தள்ளிப்போய்க் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மேனுகா அவனிடம் போனாள்.

"என்னடா உனக்கு? விடியத் தொடக்கம் பாக்கிறன்."

"ஒண்டுமில்லை."

"நிறஞ்சனாவோட சண்டையோ?"

"இல்லை அக்கா."

"பின்ன?"

அவன் கம்பியை இறுக்கினான். "அவையள் திகதியைத் தள்ளிப்போடேல்லை."

மேனுகாவுக்கு முதலில் விளங்கவில்லை. "ஆர்?"

"கண்டியில. ஒருத்தரும் ஒண்டும் தள்ளிப்போடேல்லை. நான் உள்ளுக்கே போகேல்லை."

"என்ன சொல்லுறாய்?"

"கேற்றடி மட்டும் போனனான். மருந்து மணம் வந்துது. பிறகு என்ன நடந்ததெண்டு தெரியாது. பாத்தால் பஸ் ஸ்ராண்டில இருக்கிறன். சேட்டெல்லாம் நனைஞ்சு போச்சு. பின்னேரம் மட்டும் அதிலயே இருந்தனான்."

"திரும்பப் போயிருக்கலாமே!"

"எழும்பினனான். கால் போகேல்லை. போன் எடுத்துக்கொண்டே இருந்தினம். நான் எடுக்கேல்லை. இந்தக் கிழமை வராட்டில் பேரை வெட்டிப்போடுவினமாம் எண்டு பிறகு மெசேஜ் வந்துது."

மேனுகா பின்னால் திரும்பிப் பார்த்தாள். அப்பா தூணில் இருந்தபடி மேலே ஏதோ குருவியைத் தேடிக்கொண்டிருந்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"சரி. நாளைக்குப் போவம். நான் வாறன். உன்ர கையைப் பிடிச்சுக்கொண்டு உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போறன். மயக்கமருந்து தருவினமடா. ஒண்டும் தெரியாது."

"எனக்குத் தெரியும் தருவினமெண்டு. இதுக்குத் தெரியாதே." அவன் நெஞ்சில் கை வைத்தான். "எத்தினை நாள் நானே எனக்குச் சொல்லிப் பாத்தனான். இரவில எழும்பிக் கத்துறன் அக்கா. நிறஞ்சி கேட்டால் கெட்ட கனவு எண்டு சமாளிக்கிறன்."

"பதினாறு வருசமாச்சு."

"உனக்குப் பதினாறு வருசம். எனக்கு முந்தநாள்."

அவன் வயிற்றில் விலாவிலிருந்து இடுப்புவரை ஓடும் தழும்பு மேனுகாவுக்குத் தெரியும். கடைசி யுத்தத்தில் எறிகணைத் துண்டு ஏறிய இடம். பள்ளிக்கூடம் ஒன்றை ஆஸ்பத்திரியாக்கி வைத்திருந்த நாள்கள். அவனுக்கு அப்போது பதினாறு வயது. அவளும் அம்மாவும் வெளியே பங்கருக்குள் இருந்தார்கள். வகுப்பறைக்குள் என்ன நடந்ததென்று அப்பாவும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை. உயிரோடு வந்தானே, அது போதும் என்றிருந்தது.

இன்றைக்கு அது போதவில்லை. செவ்வாய்க்கிழமைகளும் வெள்ளிக்கிழமைகளும் பதினாலு மாதமும் ஒன்றாக அவள் தொண்டைக்கு வந்தன.

"அப்ப அப்பா சாகட்டும் எண்டுறாய்."

சொன்ன பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். அடிவாங்கப்போகும் பிள்ளையைப் போலத் தலையை ஒரு பக்கம் சரித்துக்கொண்டு நின்றான். வாய் கோணியது. அழுகை வரவில்லை.

"அம்மாக்கு நீ சொல்லு அக்கா. என்னால ஏலாது."

அந்த நேரம் பாதை வளைவிலிருந்து பத்மாசனியின் சத்தம் கேட்டது.

"மேனுகா! அப்பா எங்கயடி? வரக் காணேல்லை!"

இருவரும் திரும்பினார்கள். விழுந்து கிடந்த தூணில் யாருமில்லை.

"நீ பாதையால போய் அம்மாவைப் பார். நான் படியால போறன்," என்று சொல்லிவிட்டு அவள் ஓடினாள்.

கல்லுப்படிகள் தேய்ந்து, நடுவில் குழி விழுந்து, வேர்களுக்கிடையே செங்குத்தாய் ஏறின. செருப்புச் சறுக்கியது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். எத்தனையாவது படியென்று தெரியாது, மூச்சுத் திணறி நிமிர்ந்தபோது அப்பா மேலே இருந்தார். முதுகை ஒரு மரத்தில் சாய்த்து, வாயைத் திறந்து, மீன் காற்றுக் குடிப்பதுபோல மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா! என்ன விசர் வேலையப்பா இது?"

அவர் கையை உயர்த்தினார். பொறு என்பதாய். மூச்சு அடங்க நேரம் எடுத்தது.

"அறுபத்தெட்டு," என்றார். "இன்னும் நாப்பத்தெட்டு கிடக்கு."

"இறங்குவம். நான் பிடிக்கிறன்."

"இரு பிள்ளை."

அவள் ஒரு படி கீழே இருந்தாள்.

"சொல்லிப்போட்டானோ?"

மேனுகா அவரைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமோ?"

"கண்டியால வந்து செருப்புக் கழட்டேக்கயே தெரியும். அவனுக்கு ஒண்டையும் ஒளிக்கத் தெரியாது. சின்னனிலயும் அப்பிடித்தான்."

"பேந்தேன் பேசாமல் இருந்தனீங்கள்?"

அவர் சால்வையால் முகத்தைத் துடைத்தார். கீழே காடு பச்சையாய் விரிந்து கிடந்தது. அதற்கப்பால் குளமும், குளத்துக்குக் கீழே அவருடைய வயலும் இருக்கவேண்டும். அந்தத் தூரத்துக்கு இப்போது அவருக்குக் கண் தெரியாது.

"அண்டைக்கு மயக்கமருந்து முடிஞ்சுதெண்டு டொக்டர் சொன்னார். பாவம், அவரும் ரெண்டு நாளா நித்திரை இல்லை. துண்டை எடுக்காட்டில் பெடியன் விடியுமட்டும் தாங்கான் எண்டார். வகுப்பறையில பிள்ளையள் இருந்து படிக்கிற வாங்கில கிடத்தியாச்சு. நாலு பேர் பிடிக்கவேணும். மூண்டு பேர்தான் நிண்டவை."

மேனுகா கையிலிருந்த செருப்பைப் படியில் வைத்தாள்.

"நாலாவது ஆள் நான். காலைப் பிடிச்சனான். அவன் டொக்டரைப் பாத்துக் கத்தேல்லை பிள்ளை. என்னைப் பாத்துத்தான் கத்தினான். 'விடுங்கோப்பா, விடுங்கோப்பா' எண்டு. நான் விடேல்லை. விட்டிருந்தால் செத்திருப்பான். எனக்குத் தெரியும், நான் செய்தது சரி. ஆனால் அவன் அண்டைக்குப் பிறகு ஒரு வருசம் என்ர பக்கத்தில வந்து படுக்கேல்லை. அதுவும் எனக்குத் தெரியும்."

கீழே எங்கோ கம்சா பெரிதாய்ச் சிரிப்பது கேட்டது.

"இப்ப திரும்பவும் அவனை ஒரு வாங்கில ஏத்தச் சொல்லுறியள். அப்ப அவன்ர உயிருக்காகப் பிடிச்சனான். இப்ப என்ர உயிருக்காகப் பிடிக்கவோ? ஏலாது. இந்தமுறை நான் விடுறன்."

"அப்பா..."

"அம்மாவுக்கு நான் சொல்லுறன். எனக்கு ஒப்பரேசன் வேண்டாமெண்டு. நானே யோசிச்சு எடுத்த முடிவெண்டு."

"அது பொய்."

"பொய் நான் சொல்லுறன். நீ பேசாமல் இருந்தால் காணும்."

"ஏன் பேசாமல் இருக்கவேணும்? அம்மாவுக்கு உண்மையைச் சொன்னாலென்ன?"

"கொம்மாவை உனக்குத் தெரியும். உண்மை தெரிஞ்சால் அவனைச் சாகுமட்டும் மன்னிக்கமாட்டா. நான் போனாப்பிறகு அவாவுக்கு அவன் வேணும்."

நான் போனாப்பிறகு. சந்தைக்குப் போய்வருவதுபோலச் சொன்னார். மேனுகா அவருடைய ஊதிய காலைப் பிடித்துக்கொண்டாள். விரல் பதிந்த இடம் குழியாய் நின்றது.

"பட்டியலில பேர் போட்டிருக்குத்தானே அப்பா. ஆரும் செத்த ஆக்கள் குடுத்தால்..."

"எனக்கு முன்னால எத்தினை பேர்? இதயம் களைச்சுப்போச்சு, கனகாலம் பொறுக்க ஏலாதெண்டு டொக்டர் சொன்னது உனக்கும் எனக்கும்தானே தெரியும்."

"உங்களுக்கு இருக்க விருப்பமில்லையோ?"

கேட்டிருக்கக்கூடாது. அவர் முகம் அதுவரை பிடித்துவைத்திருந்த எல்லாவற்றையும் விட்டுவிட்டது. அறுபத்துநாலு வயது மனிதர், மகளுக்கு முன்னால் சால்வையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்.

"விருப்பமில்லாமல் என்ன? ஆருக்குப் பிள்ளை சாக விருப்பம்? கம்சா பள்ளிக்கூடம் போறதைப் பாக்கவேணும். இந்த மாரிக்கும் விதைக்கவேணும். உனக்கு ஒரு வழி... சரி, விடு. விருப்பம் இருக்கு. ஆனால் அவன் தரேலாத ஒண்டைக் கேக்க விருப்பமில்லை."

அவள் அவருடைய முழங்காலில் முகத்தைப் புதைத்தாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்களோ. பிறகு அவர் அவள் தோளில் கையை ஊன்றி எழும்பினார்.

"வா. நாப்பத்தெட்டுத்தானே."

மேலே வெறும் பாறை. நடுவில் ஒரு நீராவி, பாறைக் குழிக்குள் தேங்கி நிற்கும் தண்ணீர். எந்தக் கோடையிலும் வற்றாது என்று தில்லைநாதன் சொல்லியிருந்தார். வேறு இரண்டு குடும்பங்கள் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. ஒரு பெண் தண்ணீரின் ஓரத்தில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"படியாலயோ ஏறினனீங்கள்? உங்களுக்கு அறிவில்லையோ?" பத்மாசனி பாய்ந்து வந்தாள். கணவனின் நெற்றியைத் தொட்டாள், நாடியைப் பிடித்தாள், போத்தல் மூடியில் ஒரு மிடறு தண்ணீர் வார்த்துக் கொடுத்தாள். "மூண்டு கிழமைக்கு இந்த உடம்பை நான் பத்திரமா வைச்சிருக்கவேணும். விளங்குதோ?"

அவர் அந்த மூடித் தண்ணீரைக் குடித்தார். மூடியைத் திருப்பிக் கொடுத்தார்.

"பத்மா, இரு. ஒரு கதை."

"சாப்பிட்டுட்டுக் கதைப்பம்." அவள் பார்சல்களை எடுத்து வைத்தாள். இடியப்பம், உப்பில்லாத சொதி, உப்பில்லாத கத்தரிக்காய்ப் பால்கறி.

"எனக்கு ஒப்பரேசன் வேண்டாம்."

அவள் கை பார்சலில் நின்றது. "என்ன?"

"வேண்டாம். யோசிச்சுப் பாத்தனான். இந்த வயசில ஒருத்தன்ர உடம்பை வெட்டி எடுத்து நான் என்ன செய்யப்போறன்? மெஷினோட ஓடுறமட்டும் ஓடட்டும்."

"மலை ஏறினதில தலை சுத்துதோ உங்களுக்கு?"

"இல்லை. தெளிவாத்தான் சொல்லுறன்."

பத்மாசனி சுற்றிப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். மகனில் கண் நின்றது.

"தம்பி, கேட்டியோ உந்தக் கதையை? நீ தாறனெண்டு நிக்கிறாய். உவர் வேண்டாமாம்!"

சுகிர்தன் எழும்பினான். முகம் சாம்பலாய் இருந்தது. "அம்மா... நான்..."

"நீ இரு தம்பி," என்றார் மயில்வாகனம். குரல் உயரவில்லை. "இது எனக்கும் கொம்மாவுக்கும் உள்ள கதை. நீ ஒண்டும் கதைக்கவேண்டாம்."

சுகிர்தன் இருந்தான். இருந்துவிட்டான். மேனுகா அதைப் பார்த்தாள்.

"பதினாலு மாசம்," என்றாள் பத்மாசனி. சத்தம் போடுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் சத்தம் போடவில்லை. "பதினாலு மாசமா எங்கட குசினியில உப்பில்லை. உங்களுக்கு வேற, எனக்கு வேற எண்டு நான் சமைக்கேல்லை. நீங்கள் திண்டதைத்தான் நானும் திண்டனான். நீங்கள் தண்ணி குடிக்க ஏலாமல் கிடக்கேக்க, நான் கிணத்தடியில போய் ஒளிச்சுத்தான் குடிக்கிறனான், தெரியுமோ? தெரியாது. இதெல்லாம் என்னத்துக்கு? மூண்டு கிழமைக்கு முந்தி மலையில வந்திருந்து வேண்டாமெண்டு சொல்லவோ?"

"பத்மா..."

"என்னை ஒருக்காக் கேட்டனீங்களோ? நாப்பது வருசம் கிட்டக் குடும்பம் நடத்தினனான். விட்டுட்டுப் போறதுக்கு மட்டும் தனிய முடிவெடுப்பியளோ?"

அவர் குனிந்த தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் சொல்லிவிடுவார் என்று மேனுகாவுக்குப் பட்டது.

பத்மாசனி பார்சல்களை அப்படியே விட்டாள். தண்ணிப் போத்தலைப் பாறையில் வைத்தாள். பதினாலு மாதத்தில் முதல்தடவையாக அதை அவருடைய கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, எழும்பிக் குடும்பப் பாதையால் தனியே இறங்கத் தொடங்கினாள்.

"மாமி, நில்லுங்கோ!" நிறஞ்சனா எழும்பினாள்.

"நான் போறன்," என்றாள் மேனுகா.

இறங்கும் வழி முழுக்க அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. இருபதடி பின்னால் மேனுகா நடந்தாள். கிட்டப்போனால் அம்மா வேகம் கூட்டினாள். தூண்களைத் தாண்டும்போது இந்தமுறை எதையும் தொட்டுக் கும்பிடவில்லை.

வாசலில் தில்லைநாதன் கொப்பியைத் திறந்தார். "கெதியா இறங்கியிட்டியள் அம்மா. மற்ற ஆக்கள்?"

"வருகினம்."

அவள் வானோடு சாய்ந்து நின்றாள். மேனுகா கிட்டப் போனாள். மற்றவர்களும் வந்து சேர அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. நிறஞ்சனா நித்திரையாகிவிட்ட பிள்ளையைத் தோளில் போட்டிருந்தாள். சுகிர்தன் அப்பாவைத் தாங்கிக்கொண்டு வந்தான். அவரை முன் சீற்றில் ஏற்றி, வெளியே நின்றபடி சாவியை எடுத்தான்.

அப்போதுதான் பத்மாசனி வாய் திறந்தாள். மகனிடம் இல்லை. மகளிடம்.

"படியில ரெண்டு பேரும் தனிய என்ன கதைச்சனீங்கள்?"

மேனுகா வானின் பின்கதவைத் திறக்கப் போனாள்.

"ஏறுமட்டும் நல்லாத்தான் இருந்தவர். உன்னோட அரை மணித்தியாலம் இருந்திட்டு வந்து வேண்டாமெண்டுறார். நீ என்னடி சொல்லிக் குடுத்தனீ?"

"அம்மா..."

"உனக்குக் களைச்சுப்போச்சு. கிழமைக்கு ரெண்டு நாள் ஆஸ்பத்திரி வாசலில குந்தியிருந்து அலுத்துப்போச்சு. ஒப்பரேசன் செய்தாலும் நீதானே பாக்கவேணும் எண்டு அப்பாவின்ர மனசைக் குழப்பியிருக்கிறாய். சொல்லு!"

தில்லைநாதன் கொப்பிக்குள் தலையைக் குனிந்துகொண்டார்.

மேனுகா தம்பியைப் பார்த்தாள். இரண்டு அடி தூரத்தில் நின்றான். எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றான். அவன் உதடு பிரிந்தது. அவள் காத்திருந்தாள். ஒரு சொல் போதும். 'அம்மா, அக்கா இல்லை' என்று மூன்று சொல்கூடத் தேவையில்லை, அதில் பாதி போதும்.

சுகிர்தன் திரும்பி, வானின் முன்பக்கமாய்ச் சுற்றிப்போய், கதவைத் திறந்து ஏறினான்.

கண்ணாடிக்குள்ளால் அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எதையும் கேட்காத பார்வை. கேட்டிருந்தால் மறுத்திருப்பாள்.

"ஓம் அம்மா," என்றாள் மேனுகா. "நான்தான் சொன்னனான்."

பத்மாசனியின் கை உயர்ந்தது. முப்பத்தேழு வயது மகளை அடிக்க உயர்ந்த கை நடுவில் நின்று, தன் நெற்றியிலேயே போய் விழுந்தது. அவள் வானில் ஏறி நடுச் சீற்றின் ஜன்னல் ஓரமாய் ஒடுங்கிக்கொண்டாள்.

கிரவல் றோட்டில் வான் குலுங்கிக் குலுங்கிப் போனது. பின் சீற்றில் மேனுகாவும் நிறஞ்சனாவும். கம்சா இருவரின் மடியிலுமாய் நீட்டி நிமிர்ந்து கிடந்தாள், வாயோரம் பாலைப்பழத்தின் பால் ஒட்டிக் காய்ந்திருந்தது. மேனுகா அதை நகத்தால் மெல்ல உரித்துக்கொண்டிருந்தாள். அழக்கூடாது என்பதற்கு அந்த வேலை உதவியாய் இருந்தது.

"மச்சாள்," நிறஞ்சனா காதோரம் குனிந்தாள்.

"ம்."

"இவர் கண்டி ஆஸ்பத்திரிக்குள்ள போகவே இல்லை, என்ன?"

மேனுகாவின் நகம் நின்றது.

"அங்க குடுக்கவேண்டிய கடிதம் இவர் கண்டிக்குக் கொண்டுபோன பையில கிடக்கு. ஒட்டின ஒட்டுப் பிரிக்கேல்லை. நாலு நாளா எனக்குத் தெரியும். தானாச் சொல்லுவார் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். இண்டைக்கு நீங்கள் பழி ஏத்தேக்கயும் வாய் திறக்கேல்லை." அவள் குரல் உடைந்தது. "மாமாவும் தெரிஞ்சுதான் அப்பிடிச் சொன்னவர். நான் மாமாவின்ர முகத்தைப் பாத்தனான். மச்சாள், இதை மாமிக்கு ஆர் சொல்லுறது? நீங்கள் சொல்லாட்டில் நான் சொல்லுவன். உங்களை இப்பிடி விட்டுட்டு நான் கிளிநொச்சிக்குப் போகமாட்டன்."

"வேண்டாம். அப்பா..." என்று தொடங்கினாள் மேனுகா.

வான் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. எஞ்சின் சத்தம் ஒரு கணம் அடங்கியது.

நடுச் சீற்றிலிருந்து பத்மாசனி திரும்பாமலே கேட்டாள்.

"மாமிக்கு என்னத்தைச் சொல்லவேணும், பிள்ளை?"